உப்பிட்டவர் யார்? துன்ப நாளிலும் துதித்த நம் முன்னோர் வரலாறு

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் முத்தையாபுரத்தைக் கடந்து செல்வோர், கடற்புறமாகப் பரந்து கிடக்கும் உப்புப் பாத்திகளைக் கண்டிருப்பர். வெயிலில் கண் கூசும் வெண்மை. அதனிடையே வாருபலகையுடன் குனிந்து நிற்கும் ஆண்களும் தலையில் உப்புக் கூடை சுமந்து அம்பாரத்தை நோக்கி நடக்கும் பெண்களும். இந்தியாவில் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த நிலையில் தமிழ்நாடு நிற்கிறது. அந்தப் பெருமையின் பெரும்பகுதி இக்கடற்கரையின் உழைப்பாளிகளுக்கு உரியது. கிணற்றிலிருந்து இறைத்த உவர்நீரைப் பாத்தியில் பாய்ச்சி, வெயிலில் காயவைத்து, அது இறுகி மணியாகும் பருவம் பார்த்து வாரி எடுக்கும் இத்தொழிலை நாம் நன்கு அறிவோம். ராஜம் கிருஷ்ணன் அவர்கள் 1979-இல் வெளியிட்ட 'கரிப்பு மணிகள்' என்னும் நாவல் இத்தொழிலாளர் வாழ்வைத் தமிழுலகுக்குக் காட்டிற்று.

இந்த உப்பளத்திற்கு ஒரு தனிக் காலக்கணக்கு உண்டு. தை மாசியில் வேலை தொடங்கும். புரட்டாசி வரை வெயில் உள்ளளவும் நடக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் நின்றுவிடும். அதன்பின் இரண்டு மூன்று மாதங்கள் வேலை இல்லை, கூலியும் இல்லை. முதலாளியிடம் முன்பணம் பெற்று, அதை அடுத்த ஆண்டின் உழைப்பால் தீர்க்கும் நிலையே பல குடும்பங்களுக்கு இருந்து வந்தது. கிறிஸ்து பிறப்புப் பண்டிகையும், டிசம்பர் 31-ஆம் நாள் இரவில் ஆலயங்களில் நிகழும் ஆண்டிறுதி ஸ்தோத்திர ஆராதனையும் சரியாக இந்தப் பஞ்ச காலத்தில்தான் வருகின்றன. பானையில் அரிசி குறைந்து, கடன் நோட்டில் எண்கள் ஏறி நிற்கும் வேளையில்தான் நம் தாய்மார் தலையில் முக்காடிட்டு, ஆலயத்தில் முழந்தாளிட்டு, கடந்த ஆண்டின் நன்மைகளுக்காக நன்றி சொல்லுகின்றனர்.

எந்த நன்மைகள்? எதற்கு நன்றி? இக்கேள்வியை நம் பிள்ளைகள் கேட்கின்றனர். கல்லூரியில் படித்து வரும் இளைஞன் தன் தாயைப் பார்த்து, "அம்மா, நம்மை ஒடுக்கியவர்கள் நன்றாக இருக்கிறார்கள், நாம் ஏன் நன்றி சொல்ல வேண்டும்?" என்று கேட்பது இன்று நம் வீடுகளில் புதிதன்று. கேள்வி நியாயமானதே. அதை அதட்டி அடக்குவது முறையாகாது. நம் கல்விச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், வரலாற்றின் துணைகொண்டு அதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நன்றி ஒரு நுகமாக இருந்த காலம்

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நாமனைவரும் கேட்டு வளர்ந்த பழமொழி. செய்ந்நன்றி அறிதலைத் தனி அதிகாரமாக வைத்துப் பாடினார் திருவள்ளுவர். நன்றியறிதல் தமிழர் பண்பாட்டின் உயர்ந்த அறம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்த அறம் நம் முன்னோர்க்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வயலில் உழுதவர், அறுத்தவர், அடித்தவர் நம் முன்னோர். களத்தில் கிடைத்த பதரும் பழையதும் கந்தையுமே அவர்தம் பங்கு. அதைப் பெறும்போது கைகட்டி வாய்பொத்தி நின்று ஆண்டைக்கு நன்றி கூறவேண்டும். கூலி கேட்டவன் "உப்புத் தின்ற வீட்டுக்குத் துரோகம் நினைத்தவன்" எனப்பட்டான். உழைத்தவனுக்கு உரிமையானது பிச்சையாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அப்பிச்சைக்கு நன்றியும் கேட்கப்பட்டது. இவ்வாறு நன்றி என்னும் நல்ல சொல் நம் கழுத்தில் நுகமாக ஏறிற்று. உப்பை விளைவித்தவனைப் பார்த்தே, "உன்னுடைய உப்பிட்டவனை நினை" என்று சொன்ன விந்தையை என்னென்பது!

இந்திய அரசு 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தால் அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பை நீக்கியது. அருகிலிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1855-இல்தான் அடிமை ஒழிப்பு முழுமையாக அறிவிக்கப்பட்டது. சட்டம் மாறிய பின்னரும் மனத்தின் கட்டு அவிழவில்லை. அந்தக் கட்டை அவிழ்த்த கருவிகளுள் ஒன்று, பலரும் எதிர்பாராத ஒன்று, அதுவே ஜெபம்.

மயிலாடியில் ஏற்றிய விளக்கு

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்பவர் மெய்ப்பொருளைத் தேடிச் சிதம்பரத்துக்கு யாத்திரை சென்றார். அவர் பறையர் குலத்தில் பிறந்தவர். சிதம்பரத்தில் மன அமைதி பெறாது தஞ்சைக்கு வந்தபோது, அங்கே கோலாஃப் என்னும் மிஷனரியின் போதனையைக் கேட்டார். வேதமாணிக்கம் என்னும் பெயருடன் ஞானஸ்நானம் பெற்றார். ஊர் திரும்பி, உற்றார் உறவினரைக் கூட்டி, ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தார். அவ்வூரில் எந்த வெள்ளைக்கார மிஷனரியும் கால் வைப்பதற்கு முன்பே இது நிகழ்ந்தது என்பதை நம் பிள்ளைகள் மனத்தில் கொள்ள வேண்டும். அவருடைய அழைப்பின் பேரிலேயே இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806 ஏப்ரல் 25-ஆம் நாள் மயிலாடிக்கு வந்தார். வேலுத்தம்பியின் கிளர்ச்சியால் நாடு கலங்கியிருந்த காலம் கடந்து, 1809-இல் அங்கே ஆலயமும் பள்ளியும் உருவாயின. இன்று நாகர்கோவிலில் விளங்கும் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் வரலாற்றை அந்த 1809-ஆம் ஆண்டுப் பள்ளியிலிருந்தே தொடங்குகிறது. ரிங்கல்தௌபே 1816-இல் அப்பகுதியை விட்டுச் சென்றபோது சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்தினிடமே ஒப்படைத்தார். அடுத்த மிஷனரியான மீட் 1818-இல் வரும்வரை சபைகளைக் காத்தவர் அவரே. 1827-இல் அவர் மறைந்தார்.

இதில் நாம் காணவேண்டிய பாடம் யாது? கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவர், இடையில் தரகர் எவருமின்றிக் கடவுளிடம் நேரே பேசலானார். கடவுளுக்கு நன்றி சொல்லக் கற்றவன், தன் உயிரும் உழைப்பும் ஆண்டை கொடுத்த பிச்சையன்று என்று அறிந்துகொள்கிறான். வெயிலைத் தந்தவர், கடலைத் தந்தவர், கைக்கு வலிமை தந்தவர் வேறொருவர் என்று தெரிந்தவுடன் பழைய நன்றிக்கடனின் பத்திரம் கிழிந்துபோகிறது. நம் முன்னோரின் ஸ்தோத்திரம் பணிவின் குரலாக ஒலித்தாலும் உள்ளுக்குள் அது விடுதலையின் குரல்.

ஜெபம் எழுத்தையும் கூட்டி வந்தது. வேதம் வாசிக்க வேண்டுமாயின் எழுத்தறிய வேண்டும். ஆதலால் ஜெபக்கூடம் கட்டிய இடமெல்லாம் பள்ளிக்கூடமும் எழுந்தது. பல ஊர்களில் இரண்டும் ஒரே ஓலைக் கொட்டகையாக இருந்தன. ஞாயிறன்று ஆலயம், மற்ற நாட்களில் பள்ளி. கல்விச் சங்கத்தின் மலரில் ஜெபத்தைப் பற்றி எழுதுவது ஏன் என்று கேட்போர்க்கு இதுவே நம் விடை.

தாது வருடப் பஞ்சமும் 'சோற்றுக் கிறிஸ்தவர்' என்னும் பழியும்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் கூறுவர். இலட்சக்கணக்கானோர் மாண்டனர். மாண்டவர்களுள் நிலமற்ற கூலிகளே மிகுதி என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? நிவாரண வேலையில் சேர்ந்தோர்க்கும் 1877-இன் தொடக்கத்தில் கூலி குறைக்கப்பட்டது. ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் மட்டுமே என்றாயிற்று. ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் பயன்படுமாறு தூத்துக்குடிக்கு 1876-இல்தான் இருப்புப்பாதை வந்திருந்தது. அதே தூத்துக்குடித் துறையிலிருந்து நம் மக்கள் கூட்டங்கூட்டமாக இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். சென்றவர் பலர், மீண்டவர் சிலர்.

அக்காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவ சபைகள் பெருகின. கால்டுவெல் அவர்கள் 1877-இல் உதவிப் பேராயராக அபிஷேகம் பெற்றவர், அவருடைய எஸ்.பி.ஜி. மிஷனில் மட்டும் ஏறத்தாழ 20,000 பேர் அப்போது சேர்ந்தனர். உடனே, "இவர்கள் அரிசிக்காகச் சேர்ந்தவர்கள், சோற்றுக் கிறிஸ்தவர்கள்" என்னும் பழிச்சொல் பிறந்தது. ஒன்றரை நூற்றாண்டாகியும் அச்சொல் இன்னும் மறையவில்லை.

இப்பழிக்கு விடையாக, நம் அண்டை நாடாகிய ஆந்திரத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கே கூறுதல் பொருத்தமாகும். ஒங்கோல் வட்டாரத்தில் ஜான் கிளவ் என்னும் அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனரி, தோல்தொழில் செய்த மாதிகர் மக்களிடையே பணியாற்றினார். பஞ்சம் வந்தபோது, அரசு வெட்டிக்கொண்டிருந்த பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் தூரத்தை ஒப்பந்தமாக எடுத்து, பசித்தவர்க்கு வேலை கொடுத்தார். ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களை, பஞ்ச நிவாரணம் நடக்கும் வரை சேர்ப்பதில்லை என்று திருப்பி அனுப்பினார். அரிசிக்காக வருகிறார்கள் என்னும் சொல்லுக்கு இடம் கொடுக்கலாகாது என்பதே அவர் கருத்து. ஓராண்டுக்கு மேல் இவ்வாறு சென்றது. உதவி நின்றது, இனிக் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரும் மக்கள் வந்தனர். 1878 சூலை 3-ஆம் நாள் குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர்.

உதவி நின்ற பின் வந்தவரை அரிசி அழைத்தது என்று எவ்வாறு கூறுவது? கால்வாய் வெட்டும் இடத்தில் அம்மக்கள் கண்டது சோற்றை மட்டுமன்று. தங்கள் பக்கத்தில் அமர்ந்து பேசியவரை, தங்கள் பெயரைக் கேட்டறிந்தவரை, தங்களுக்காகக் கடவுளை வேண்டியவரை அங்கே கண்டனர். பசித்தவனுக்குச் சோறிடுவது தருமம். அவனைப் பெயர் சொல்லி அழைப்பது மரியாதை. அவர்கள் நன்றி கூறியது அந்த மரியாதைக்காகவே என்று நாம் கருதுகிறோம். இனி, பசியால் வந்தவர் சிலர் இருந்தனர் என்றே வைத்துக்கொள்வோம். அதில் வெட்கம் யாருக்கு? பசித்தவனுக்கா, அவனைப் பசிக்கவிட்ட சமுதாயத்துக்கா?

நம் வட்டாரத்திலும் அப்பஞ்சத்தின் பின் கல்விப்பணி விரிந்தது. நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் காலத்தில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லமும், 1878-இல் கைத்தொழிற் பள்ளியும் எழுந்தன. கால்டுவெல் 1883-இல் தூத்துக்குடிக்கு வந்து தங்கி, சாயர்புரத்திலிருந்த கல்லூரியையும் இங்கே கொண்டுவந்தார். சாவின் பள்ளத்தாக்கில் நின்று நன்றி சொன்னவர்களின் பிள்ளைகள் பலகையும் பலப்பமும் ஏந்தினர்.

பிடியரிசி: ஏழையும் கொடையாளி

நன்றி என்பது வாயளவில் நிற்பதன்று; கையால் செய்யப்படுவது. இதற்கு நம் தாய்மார் கண்ட எளிய வழி பிடியரிசி. உலை வைக்குமுன் அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவர். இடும்போது ஒரு சிறு ஜெபம். வாரக் கடைசியில் கலயத்து அரிசி ஆலயத்திற்குச் செல்லும். அரிசி மிகுந்த வீட்டில் இது பெரிதன்று. அரைவயிற்றுக்கு அளந்து சமைக்கும் வீட்டில் ஒரு பிடி என்பது ஒருவர் வாயிலிருந்து எடுத்தது.

இந்த எளிய முறை எத்துணைப் பெரிய பணிகளுக்கு உதவியது! 1903 பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கம் தோன்றியது. இந்தியரே ஊழியர், இந்தியப் பணமே மூலதனம், இந்தியரே நிர்வாகிகள் என்பது அதன் கொள்கை. அதன் தோற்றத்தில் முன்னின்றவர், 1874-இல் நம் மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவர் 1912 டிசம்பர் 29-இல் தோர்ணக்கல்லின் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. தோர்ணக்கல் சபையார் பெரும்பாலும் மாலர், மாதிகர். கூலி வேலை செய்து பிழைத்தவர். அவர்களிடமும் காணிக்கை கேட்கலாமா என்று அன்பர் சிலர் தயங்கியபோது, ஏழையிடம் வாங்க மறுப்பது அவனை என்றும் ஏழையாகவே வைக்கும் என்ற எண்ணத்துடன் அசரியா பிடியரிசியையும் அறுவடைக் காணிக்கையையும் வளர்த்தார். பெண்கள் சிறு கலயங்களில் அரிசி கொணர்ந்து ஆலயத்தில் கொட்டும் காட்சி அங்கே வழிபாட்டின் பகுதியாயிற்று. பல்லாண்டு உழைப்பில் எழுந்த தோர்ணக்கல் பேராலயம் 1939-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

கொடுக்கக் கற்றவன் நிமிர்ந்து நிற்கிறான். என்றும் பெறுபவனாகவே வைக்கப்பட்டவன், "என்னிடமும் ஒன்று இருக்கிறது" என்று கண்டுகொள்வது சிறிய மாற்றமன்று. நம் கல்விச் சங்கமும் பெருந்தனக்காரர் எவர் கையாலும் தொடங்கப்பட்டதன்று. உப்பளக் கூலியிலிருந்தும், துறைமுகத்தில் மூட்டை சுமந்த கூலியிலிருந்தும், தையற்பொறியின் வருவாயிலிருந்தும் மாதந்தோறும் எடுத்து வைத்த சிறு தொகைகளே அதன் அடித்தளம். அதை நம் தாய்மார் 'பிடியரிசி' என்றே அழைத்தனர். அப்பெயரின் பின்னே நூறாண்டு வரலாறு இருக்கிறது என்பதை இளைஞர் அறிய வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைகளைக் குருவானவர் வாசிப்பதைக் கேட்டிருக்கிறோம். சுகப் பிரசவத்திற்காக, பிள்ளை பரீட்சையில் தேறியதற்காக, கணவன் கடலிலிருந்து பத்திரமாகத் திரும்பியதற்காக, காய்ச்சல் நீங்கியதற்காக, அடகு வைத்த நகையை மீட்டதற்காக. ஐந்து ரூபாய், பத்து ரூபாய், ஐம்பது ரூபாய். அரசர் வரலாற்றைக் கல்வெட்டு சொல்லும். நம் மக்களின் வரலாற்றைச் சொல்ல இந்தக் காணிக்கை உறைகளே உள்ளன. எதற்கு அஞ்சினர், எதை வேண்டினர், எதில் மகிழ்ந்தனர் என்பதெல்லாம் அவற்றில் எழுதப்பட்டுள்ளன. சபைகள் அவற்றைப் பேணிக் காத்தால் நாளைய ஆய்வாளர் வாழ்த்துவர்.

ஒரே பந்தி, ஒரே உலை

திருநெல்வேலி, தூத்துக்குடிச் சபைகளில் அசனப் பண்டிகை நடப்பதை நாடறியும். காய்ந்த நாட்களில் சேர்த்ததைக் கொண்டு பெருஞ்சட்டிகளில் சோறும் குழம்பும் ஆக்கி, வந்தவர் அனைவரையும் வரிசையாய் அமர்த்தி உண்பிப்பர். ஸ்தோத்திரப் பண்டிகையில் ஆடு, கோழி, தேங்காய், கருப்பட்டி எனக் கொணர்ந்த காணிக்கைகளை ஏலமிடுவர். தீண்டாமையின் உயிர்நாடி உணவில் இருக்கிறது. யார் கையால் யார் உண்பது, யார் அருகில் யார் அமர்வது என்பதில் இருக்கிறது. ஆதலால் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதே மிகப் பெரிய ஸ்தோத்திரம்.

மதுரை அரசரடி இறையியற் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு (1940–2005) இதை ஆழமாக உணர்ந்தவர். 'பரட்டை' என்று அன்புடன் அழைக்கப்பட்ட அவர், தலித் மக்களின் நாட்டுப்புற இசையிலேயே வழிபாட்டை அமைத்தார். கடவுளைப் 'பெத்தவர்' என்று நம் வீட்டுச் சொல்லால் அழைக்கச் செய்தார். 'ஒரு உலை' என்னும் கருத்தை வலியுறுத்தினார். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே உலையில் கொதிக்கட்டும், எல்லாரும் அதிலிருந்து உண்ணட்டும் என்பதே அதன் பொருள். நன்றியும் நீதியும் அவர் இறையியலில் ஒன்றாயின.

ஆயினும் உண்மையை மறைத்தல் நன்றியாகாது. திருச்சபைக்குள்ளும் சாதி நுழைந்தது. இன்னும் முழுதும் வெளியேறவில்லை. தஞ்சை சபைகளில் வேளாளரும் பறையரும் தனித்தனியே அமர்ந்த காலம் உண்டு. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமையை ஒழிக்க ஆணையிட்டபோது, சாதியை விட மனமின்றிச் சபையை விட்டவர் பலர். கல்லறைத் தோட்டத்தில் பிரிவுச் சுவர் எழுப்பிய ஊர்களும் நம் தமிழகத்தில் உண்டு. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்வது முதற்படி, சுவரை இடிப்பது அடுத்த படி. தனிக் கல்லறையில் புதைத்துவிட்டுப் பொதுவாக ஸ்தோத்திரம் பாடுவதைக் கடவுள் ஏற்பாரா என்பதைச் சபையார் சிந்திக்கட்டும்.

நன்றி சொல்லும் நாவுக்கு முறையிடவும் உரிமை உண்டு

"கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுச் சும்மா இரு" என்று நம்மிடம் சொல்வோர் உளர். வேதத்தை அறிந்தவர் அவ்வாறு சொல்லார். சங்கீதப் புத்தகத்தில் நன்றிப் பாடல்களுக்குப் பக்கத்திலேயே புலம்பல்களும் முறையீடுகளும் நிற்கின்றன. இரண்டையும் ஒரே வாய்தான் பாடிற்று. பத்துக் குஷ்டரோகிகளின் கதையையும் நினைவுகூர்வோம். பத்துப் பேர் சுகம் பெற்றனர். நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவனே. அவன் சமாரியன், நோயாலும் பிறப்பாலும் இருமுறை தள்ளிவைக்கப்பட்டவன். நம் மக்கள் அவனில் தம்மையே கண்டனர். ஆனால் அதே கதையில், சுகம் வேண்டித் தூரத்தில் நின்று உரக்கக் கூவியவரும் அவர்களே. கூவுவதும் நன்றி சொல்வதும் ஒரே விசுவாசத்தின் இரு பக்கங்கள்.

நம் மக்களுக்குக் கூவவேண்டிய காரணம் இன்றும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைச் சாராதவரைப் பட்டியல் சாதியாராகக் கருதலாகாது என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் திருத்தப்படவில்லை. ஒரே தெருவில், ஒரே பாட்டன் வழியில் பிறந்த இரு பிள்ளைகளுள் ஒருவர் பட்டியல் சாதி, மற்றவர் பிற்படுத்தப்பட்டோர். கல்வி உதவித்தொகையில் மதம் மாறிய ஆதிதிராவிடரையும் தமிழக அரசு சேர்த்துக்கொண்டிருப்பது நன்றிக்குரியது. ஆயினும் பட்டியல் சாதிக்குரிய இட ஒதுக்கீடும், தனித்தொகுதியில் நிற்கும் உரிமையும், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தரும் காவலும் அவர்க்கு இல்லை. ஊரார் இழிவு செய்யும்போது மட்டும் அவர் பழைய சாதிக்காரர்!

சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பவர் இதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை சென்றார். செருப்புத் தொழிலாளருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை வழங்கியபோது, கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி, 1985-இல் நீதிமன்றம் மனுவைத் தள்ளிற்று. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தின் அடிப்படையிலான இத்தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆண்டுகள் செல்கின்றன. ஜெபிப்போர் மனுப்போடுவதும், மனுப்போடுவோர் ஜெபிப்பதும் தொடர வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குத் தடையன்று.

மழை சொன்ன பாடம்

2023 டிசம்பர் 17, 18 நாட்களை நம் வட்டாரத்தில் யாரும் மறக்கமாட்டார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. குளங்கள் உடைந்தன, தூத்துக்குடியும் சுற்றூர்களும் வெள்ளத்தில் மிதந்தன, குவித்து வைத்த உப்பு கரைந்து, பாத்திகள் சேறாயின. கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு ஒரு வாரமே இருந்தது. பள்ளிகளிலும் ஆலயங்களிலும் மண்டபங்களிலும் மக்கள் தங்கினர். கடற்கரை மீனவர் தம் படகுகளைக் கொண்டுவந்து, தெருக்களில் ஓட்டி உயிர்களை மீட்டனர். கடலில் செல்லும் படகு நம் வாசலுக்கு வந்த அந்நாளில், ஏறுபவர் என்ன சாதி என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

அந்த ஆண்டின் டிசம்பர் 31 இரவிலும் ஸ்தோத்திர ஆராதனை நடந்தது. அரிசி நனைந்தது, பாடப்புத்தகம் நனைந்தது, வேலை போயிற்று. ஆயினும் நம் தாய்மார் முழந்தாளிட்டனர். அவர்கள் வெள்ளத்துக்காக நன்றி சொல்லவில்லை. வெள்ளத்தில் கைவிடப்படவில்லை என்பதற்காகச் சொன்னார்கள். இந்த வேறுபாட்டை நம் இளைஞர் உணர்ந்தால் போதும். அவர்தம் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. துன்பத்துக்கு நன்றி சொல்வது அடிமைப் புத்தி. துன்பத்தின் நடுவிலும் அழியாது நிற்கும் அன்புக்கு நன்றி சொல்வது வீரம்.

மழைக்கால மாதங்களில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளருக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதைப் பெறும்போது நம் மக்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அது உழைப்பவரின் உரிமை. உரிமையைப் பெற்றுக்கொண்டு, கடவுளுக்கு நன்றி சொல்லி, அதில் ஒரு பிடியை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கு வைப்போம். இதுவே நம் முன்னோர் காட்டிய வழி.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்றனர் பெரியோர். நினைப்போம். உப்பிட்டவர் யார் என்பதில் மட்டும் இனி நமக்குக் குழப்பம் வேண்டாம். கடலையும் கதிரவனையும் தந்த கடவுளை நினைப்போம். அந்த வெயிலில் நின்று, கால் வெடித்து, கண் மங்கி, நாட்டுக்கெல்லாம் உப்பிட்ட நம் தாய் தந்தையரை நினைப்போம். அவர்கள் அரைவயிற்றிலிருந்து எடுத்துவைத்த பிடியரிசியால் எழுந்த இக்கல்விச் சங்கம், வெள்ளிவிழாவைக் கடந்து பொன்விழாவும் காண அவர்தம் பேரப்பிள்ளைகள் உழைப்பார்களாக.